இரவல் வண்டியும் அமானிதமும்





நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவரின் நிகாஹ் சென்ற மாதம் அதிராம்பட்டினத்தில் நடைபெற்றது. கீழக்கரையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சுமார் 150 கி.மீ. தொலைவு. நம்முடைய பழைய ஸ்பிளெண்டர் வண்டியோ செயினும் பல்சக்கரமும் தேய்ந்து மெக்கானிக் கடையில் நின்றது. பேருந்தில் செல்வதென்று முடிவு செய்திருந்தோம். அப்போது வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த மற்றொரு பழைய மாணவர் வீட்டிற்கே வந்து, “உஸ்தாத், என் வண்டியை எடுத்துச் செல்லுங்கள். இன்னும் ஒன்பது நாளில் நான் பயணம். அது உறை போட்டபடியே நிற்கிறது” என்றார்.

அது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். நெடும்பயணத்திற்கென்றே உருவாக்கப்பட்ட வண்டி. 411 சிசி எஞ்சின், ஏறத்தாழ 200 கிலோ எடை, 15 லிட்டர் டேங்க், முன்புறம் 21 அங்குலச் சக்கரம். நாம் பதினைந்து ஆண்டுகளாக ஓட்டி வருவதோ 97 சிசி வண்டி. அதன் எடை 112 கிலோ. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மாணவரின் மனம் நோகும் என்று நமக்கு நாமே காரணம் கூறிக்கொண்டோம். உண்மை என்னவெனில், நாற்பதைத் தாண்டிய வயதிலும் அந்த வண்டியின் மீது அமர்ந்து செல்ல வேண்டும் என்ற ஆசை உள்ளத்தின் ஒரு மூலையில் இருந்தது. அதை மறைத்து எழுதினால் இக்கட்டுரைக்கே பொருள் இராது.

அந்த ஒரு நாள் பயணத்தில் நமக்கு நேர்ந்ததையும், அதனையொட்டி நம் மஹல்லாக்களில் பெருகிவரும் இரவல் வண்டிப் பழக்கத்தைப் பற்றியும் சில கருத்துகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இரவல் என்பது சிறிய காரியம் அன்று

மார்க்கச் சட்ட நூல்களில் இரவலுக்கு ‘ஆரிய்யத்’ என்று தனிப் பாடமே உண்டு. பொருளை அழிக்காமல் அதன் பயனை மட்டும் விலையின்றி அனுபவிக்க அனுமதிப்பது ஆரிய்யத் ஆகும். பொருள் என்றும் உரிமையாளருடையதே. பயன் மட்டும் நமக்கு, அதுவும் அவர் அனுமதித்த அளவிற்கு.

இரவல் கொடுப்பதை இஸ்லாம் ஊக்குவிக்கிறது. அல்மாவூன் என்னும் 107-ஆவது அத்தியாயம், அற்பப் பொருள்களைக்கூடப் பிறருக்குக் கொடுத்து உதவாமல் தடுப்பவர்களைக் கண்டித்து முடிகிறது. அங்கு கூறப்படும் ‘மாவூன்’ என்பதற்குப் பானை, வாளி, கோடரி போன்ற புழங்குபொருள்கள் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் விளக்கம் தந்துள்ளார்கள். நம் ஊர்த் தெருக்களில் அம்மியும் தேக்சாவும் ஏணியும் வீட்டுக்கு வீடு நடந்த காலம் உண்டு. உம்மாமார்கள் அதனை நன்மையென்றே செய்தார்கள். இன்று அம்மியின் இடத்திற்கு மோட்டார் சைக்கிள் வந்திருக்கிறது. அம்மி யாரையும் கொல்லாது. மோட்டார் சைக்கிள் கொல்லும். இந்த வேறுபாட்டை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் இரவல் வாங்கிய இரு நிகழ்ச்சிகள் ஹதீஸ் நூல்களில் பெரிதும் பேசப்படுகின்றன. ஒரு முறை மதீனாவில் எதிரிகள் வந்துவிட்டார்களோ என்ற அச்சம் பரவியது. நபியவர்கள் அபூதல்ஹா (ரலி) அவர்களிடமிருந்து ‘மன்தூப்’ என்னும் குதிரையை இரவல் பெற்று ஏறிச் சென்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அஞ்சத்தக்கது எதுவும் இல்லை என்று மக்களுக்கு ஆறுதல் கூறினார்கள். அத்துடன் அந்தக் குதிரையின் ஓட்டத்தைக் கடலுக்கு ஒப்பிட்டுப் புகழவும் செய்தார்கள். இது புகாரியில் பதிவாகியுள்ளது. தமக்குரியதல்லாத குதிரையில் ஏறினார்கள். ஊருக்கு நன்மை தரும் காரியத்திற்காக ஏறினார்கள். திரும்பி வந்ததும் அதனைப் பற்றி நல்ல சொல் கூறினார்கள். இரவலின் ஒழுக்கம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

மற்றொன்று ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு ஹுனைன் போருக்கு முன் நடந்தது. அப்போது இஸ்லாத்தை ஏற்றிராத ஸஃப்வான் இப்னு உமைய்யாவிடம் நபியவர்கள் கவசங்களைக் கேட்டார்கள். பறித்துக்கொள்கிறீர்களா என்று அவர் ஐயுற்றபோது, இல்லை, பொறுப்பேற்று வாங்கும் இரவல்தான் இது என்று விளக்கினார்கள். வெற்றி பெற்ற தலைவர் தோற்றுப்போன நகரின் ஒரு மனிதரிடம் இவ்வாறு பேசினார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். கவசங்களுள் சில தொலைந்தபோது அவற்றிற்கு ஈடு தருவதாக நபியவர்கள் கூறியதாகவும், அதற்குள் உள்ளம் மாறியிருந்த ஸஃப்வான் அதனை வேண்டாம் என்று மறுத்ததாகவும் அறிவிப்பு உண்டு.

வருடந்தோறும் ஃபத்ஹுல் முயீன் பாடத்தில் இவற்றை மாணவர்களுக்கு நடத்துகிறோம். பாடமாக நடத்துவது எளிது. 200 கிலோ எடையுள்ள பாடத்தை இரு கால்களுக்கிடையில் தாங்கிப் பிடிப்பது வேறு.

காலின் பழக்கம்

மாணவர் சாவியைத் தருமுன் வண்டியைச் சுற்றி நடந்து எல்லாவற்றையும் விளக்கினார். கியர் போடும் முறையை இருமுறை சொன்னார். நம்முடைய ஸ்பிளெண்டரில் நான்கு கியர்களையும் முன்பாதத்தால் கீழ்நோக்கி மிதித்தே ஏற்ற வேண்டும். ஹிமாலயனிலோ முதல் கியர் மட்டும் கீழே; மற்ற நான்கும் பெருவிரலால் மேல்நோக்கித் தூக்கினால்தான் விழும். அதாவது, நம் வண்டியில் வேகத்தைக் கூட்டும் அதே மிதி, அந்த வண்டியில் வேகத்தைக் குறைக்கும். “புரிந்தது தம்பி” என்றோம். அறிவுக்குப் புரிந்தது, காலுக்குப் புரியவில்லை.

நம் துணைவியாரையும் உடன் அழைத்துச் செல்ல எண்ணியிருந்தோம். வண்டியைப் பார்த்தபின் அவர்களைப் பேருந்தில் அனுப்பினோம். பின்சக்கரத்தின் பக்கத்தில் ஆடை சிக்காமல் இருக்கப் பொருத்தப்படும் தடுப்பு, பயணப்பெட்டி மாட்டுவதற்காகக் கழற்றப்பட்டிருந்தது. பின்சக்கரத்தில் குறைந்தது பாதியை மறைக்கும் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே உள்ள கட்டளை. புடவையை எண்ணி வைத்த விதி. நம் வீட்டுப் பெண்கள் அணியும் புர்காவுக்கும் ஃபர்தாவுக்கும் இன்னும் அதிகமாகப் பொருந்தும். ஒரு முனை சக்கரத்தில் சிக்கினால் ஒரு நொடியில் ஆளை இழுத்துவிடும். பின்னால் அமரும் சகோதரிகளே, வண்டியில் ஏறுமுன் அந்தத் தடுப்பு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

ஃபஜ்ருக்குப் பின் புறப்பட்டோம். பயண துஆவை ஓதினோம். அந்த துஆவின் மூலம் குர்ஆனின் 43-ஆவது அத்தியாயத்தில், 13, 14 வசனங்களில் உள்ளது. வாகனத்தை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் இறைவனே, நம் ஆற்றலால் அதனை அடக்கியிருக்க இயலாது, இறுதியில் அவனிடமே திரும்புகிறோம் என்பது அதன் கருத்து. சொந்த வண்டியில் இதனை நாவு ஓதும். உள்ளம் அலைபேசியில் இருக்கும். அன்று, நம் ஆற்றலால் இயலாது என்னும் பகுதியை உள்ளமும் சேர்ந்து ஓதியது.

இராமநாதபுரம் தாண்டித் தேவிபட்டினத்தை நெருங்கும்வரை எல்லாம் நன்றாகவே சென்றது. சாலையின் இருபுறமும் சீமைக் கருவேலம்; கடற்காற்று வலப்புறத்திலிருந்து தள்ளியது. உயரமான வண்டியைக் காற்று சற்று அதிகமாகவே தள்ளும் என்பதை அப்போதுதான் அறிந்தோம். ஆயினும் இருக்கையின் வசதியும் எஞ்சினின் நிதானமான ஒலியும் நம் அச்சத்தைப் போக்கிவிட்டன. அச்சம் போனதும் கவனமும் போயிற்று.

முன்னே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று மெதுவாகச் சென்றது. அதனை முந்துவதற்காக மூன்றாம் கியரில் வேகத்தைக் கூட்டி, அடுத்த கியருக்கு மாற எண்ணினோம். பதினைந்து ஆண்டுப் பழக்கம் காலை இயக்கியது. கீழ்நோக்கி மிதித்துவிட்டோம். நான்காம் கியர் விழ வேண்டிய இடத்தில் இரண்டாம் கியர் விழுந்தது. எஞ்சின் அலறியது, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல வண்டி வேகம் இழந்தது. எதிரே ஒரு வேன். பின்னால் ஒரு லாரி. லாரியின் ஹாரன் ஒலி இன்னும் செவியில் இருக்கிறது. டிராக்டருக்குப் பின்னாலேயே ஒதுங்கிக்கொண்டோம். லாரி ஓட்டுநர் நிதானமானவராக இருந்தார். அல்ஹம்துலில்லாஹ், அவ்வளவுதான் சொல்ல இயலும்.

அதற்குப் பிறகு தொண்டி வரை 50 கி.மீ. வேகத்தைத் தாண்டவில்லை. வழியெல்லாம் ஒன்றை எண்ணிக்கொண்டே சென்றோம். மாணவர் நமக்கு முறையைச் சொல்லித் தந்தார், நாமும் கேட்டுக்கொண்டோம். ஆனால் ஆளில்லாத மைதானத்தில் அரை மணி நேரம் ஓட்டிப் பழகியிருந்தால் கால் அதனைக் கற்றிருக்கும். அந்த அரை மணி நேரத்தை நாம் ஏன் செலவிடவில்லை? தெருவில் சிறுவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உஸ்தாத் தடுமாறுவதை அவர்கள் பார்க்கக் கூடாது என்று எண்ணினோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்பு தவக்குல் வைக்குமாறு நபியவர்கள் ஒரு கிராமவாசிக்குக் கூறியதைப் பல மேடைகளில் நாமே எடுத்துரைத்திருக்கிறோம். நம் கௌரவத்திற்காக ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டோம்.

மீமிசலில் நேர்ந்தது

மீமிசல் அருகே சாலையோரம் வண்டியை நிறுத்தி, முகம் கழுவ ஒரு குழாயடிக்குச் சென்றோம். சைடு ஸ்டாண்டு போட்ட இடம் கடற்கரை மணல். நம் ஸ்பிளெண்டரை அவ்வாறே எத்தனையோ முறை நிறுத்தியிருக்கிறோம். 200 கிலோ எடை ஓர் இரும்புக் காலின் மீது நிற்கும்போது மணல் தாங்குமா என்று எண்ணவில்லை. திரும்பிப் பார்க்கையில் வண்டி இடப்புறம் மெல்லச் சாய்ந்து, நம் கண்ணெதிரே விழுந்தது.

வலை பின்னிக்கொண்டிருந்த இருவர் ஓடி வந்து தூக்கி நிறுத்த உதவினார்கள். இடப்பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது. கிளட்ச் பிடியின் முனை வளைந்திருந்தது. காப்புக் கம்பியில் ஒரு கீறல். அருகிலிருந்த கடைக்கு உருட்டிச் சென்றபோது மெக்கானிக் பார்த்துவிட்டு, அன்போடுதான் சொன்னார்: “பயப்படாதீங்க பாய். கண்ணாடியும் கிளட்ச் லீவரும் மாத்திட்டு, கீறலுக்குக் கறுப்பு பெயிண்ட் அடிச்சிரலாம். வண்டிக்காரருக்குத் தெரியவே தெரியாது.”

அந்தச் சொல் இனிமையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். பொருளைப் பழையபடி ஆக்கித் திருப்பித் தந்தால் கடமை முடிந்துவிடாதா? மாணவர் வருந்தவும் மாட்டார். நம் மதிப்பும் குறையாது. ஒரு தேநீர் குடிக்கும் நேரம்வரை இந்த எண்ணத்துடன் அமர்ந்திருந்தோம்.

சட்டத்தைப் பார்ப்போம். நம் கரையோர ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், இரவல் பொருளுக்கு ஏற்படும் இழப்புக்கு வாங்கியவரே பொறுப்பு. கவனக்குறைவு இல்லாவிடினும் பொறுப்புத்தான். அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டினால் இயல்பாக ஏற்படும் தேய்மானம் மட்டும் விலக்கு. டயர் தேய்ந்தால் ஈடு இல்லை. வண்டி விழுந்தால் உண்டு. ஹனஃபி மத்ஹபில், இரவல் பொருள் வாங்கியவரின் கையில் அமானிதம். அவர் வரம்பு மீறினாலோ கவனக்குறைவாக இருந்தாலோதான் ஈடு. கனமான வண்டியை இளமணலில் நிறுத்துவது கவனக்குறைவு அல்ல என்று எந்த ஹனஃபி ஆலிமிடமும் நாம் வாதாட முடியாது. ஆகவே எந்த வழியில் பார்த்தாலும் பொறுப்பு நம்முடையதே.

செலவு யாருடையது என்பதில் ஐயமில்லை. சொல்ல வேண்டுமா என்பதே அன்று நம்மை வாட்டிய கேள்வி. நம் முடிவு இது: கட்டாயம் சொல்ல வேண்டும், ஈடு தருவதால் சொல்லும் கடமை தீர்ந்துவிடாது. விழுந்த வண்டியில் கண்ணுக்குத் தெரியாத கோணல் இருக்கலாம். கைப்பிடித் தண்டு ஒரு நூல் அளவு திரும்பியிருக்கலாம். அதனை அறியாமல் அடுத்து ஓட்டுபவர் அந்த மாணவர். அவருக்கு முன்னால் அமர்பவள் அவருடைய சிறு மகள். விற்பனையில் பொருளின் குறையை மறைப்பதை நபியவர்கள் வன்மையாகக் கண்டித்திருக்கும்போது, நம்மை நம்பி இலவசமாகத் தந்தவரிடம் குறையை மறைப்பதை என்னவென்று சொல்வது? அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு குர்ஆன் 4-ஆவது அத்தியாயம் 58-ஆவது வசனத்தில் கட்டளையிடுகிறது. வண்டியோடு அந்தச் செய்தியும் அவருக்குரியதே. வண்டியைத் தந்து செய்தியை வைத்துக்கொண்டால் அமானிதத்தில் பாதியைத்தான் ஒப்படைத்தவர்கள் ஆவோம்.

அங்கிருந்தே தொலைபேசியில் அழைத்துச் சொன்னோம். மறுமுனையில் சிறிது மௌனம். பின்பு அவர் கேட்ட முதல் கேள்வி, “உஸ்தாத், உங்களுக்கு அடி எதுவும் இல்லையே?” என்பதுதான். கிளட்ச் பிடியை மட்டும் அங்கே மாற்றிக்கொண்டு மெதுவாக வரச் சொன்னார். மற்றவற்றைத் தாமே பார்த்துக்கொள்வதாகவும் பணம் வேண்டாம் என்றும் சொன்னார். ஊர் திரும்பியதும் இருவருமாக வண்டியை அவர் வழக்கமாகக் கொடுக்கும் பணிமனைக்குக் கொண்டு சென்றோம். கைப்பிடித் தண்டு உண்மையிலேயே சற்றுத் திரும்பியிருந்தது. செலவை நாம் தந்தோம்; அவர் மறுத்தார்; பிறகு பாதியை ஏற்றுக்கொண்டார். விட்டுக்கொடுப்பது அவருடைய உரிமை. அவர் விட்டுக்கொடுப்பார் என்று எதிர்பார்த்துக் கேளாமல் இருப்பது நம் உரிமையன்று.

இரவலுக்கு எல்லை உண்டு

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிகாஹ் விருந்து முடிந்ததும் உறவினர் மகன் ஒருவன் வந்து, “மாமா, ஒரே ஒரு சுற்று” என்று கேட்டான். கல்லூரியில் பயிலும் பிள்ளை, உரிமமும் உண்டு. மறுத்துவிட்டோம். முகம் சுண்டிப்போயிற்று. சுற்றியிருந்த சிலரும், “பிள்ளை ஆசைப்படுகிறான், கொடுத்தால் என்ன?” என்றார்கள்.

கொடுக்க நமக்கு உரிமையில்லை என்பதே விடை. ஷாஃபிஈ மத்ஹபின்படி, இரவல் வாங்கியவர் உரிமையாளரின் அனுமதியின்றி அதனை மற்றவருக்கு இரவல் தரலாகாது. அதுபோலவே, ஓர் ஊருக்குச் சென்று வரவென்று வாங்கிய வாகனத்தை, அந்த ஊரைத் தாண்டி வேறு ஊருக்கு ஓட்டிச் செல்வதும் வரம்பு மீறலே. நம் பிள்ளைகளிடையே ஒரு வண்டி ஒரே மாலையில் நான்கு கை மாறுகிறது. உரிமையாளர் முதல் பெயரை மட்டுமே அறிவார். நான்காமவன் விழுந்தால் யாரிடம் கேட்பது, யார் பதில் சொல்வது என்பது யாருக்கும் தெரிவதில்லை.

நாட்டின் சட்டமும் இதில் கடுமையாகவே இருக்கிறது. பலர் அதனை அறிவதில்லை. கியர் உள்ள இருசக்கர வாகனத்திற்கான உரிமம் ஒன்று இருந்தால் நம் நாட்டில் 100 சிசியும் ஓட்டலாம், 411 சிசியும் ஓட்டலாம். ஆகவே சட்டம் நம்மைத் தடுக்காது. நம் தகுதியை நாமே எடைபோட வேண்டும். காப்பீட்டின் நிலை இன்னும் கவனிக்கத்தக்கது. வண்டியோடு எடுக்கப்படும் 15 இலட்ச ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பு, உரிமையாளர் தாமே ஓட்டும்போது அவருக்குரியது. இரவல் வாங்கி ஓட்டியவர் இறந்த ஒரு வழக்கில், 2009-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்திலேயே நிற்கிறார் என்று கூறியது. எனவே, தவறு யாருடையது என்று பாராமல் இழப்பீடு கோர வழி செய்த 163அ பிரிவின்கீழ், அந்த வண்டியின் காப்பீட்டு நிறுவனத்திடம் அவர் குடும்பத்தார் இழப்பீடு கேட்க இயலாது என்று தீர்ப்பளித்தது. 2020-ஆம் ஆண்டிலும் இக்கருத்தையே மீண்டும் உறுதி செய்தது. வண்டியின் உரிமையாளருக்குக் காப்பீடு இருக்கிறதே என்று எண்ணி ஏறும் இளைஞர்கள் இதனை அறிய வேண்டும். இரவல் வாங்கியவர் உரிமையாளரின் பொறுப்பைத் தம் தோளில் ஏற்கிறார் என்பதில், ஃபிக்ஹு நூலும் நீதிமன்றமும் ஏறத்தாழ ஒரே குரலில் பேசுகின்றன.

பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளின் நிலை தனி. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறார் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோரும் வண்டியின் உரிமையாளரும் குற்றவாளிகளாகக் கருதப்படுவர். 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுகள்வரை சிறையும் விதிக்க இடமுண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு இரத்தாகும். அந்தச் சிறுவனுக்கு 25 வயதுவரை உரிமம் கிடைக்காது. ‘எனக்குத் தெரியாமல் எடுத்துச் சென்றான்’ என்பதை மெய்ப்பிக்கும் சுமை கொடுத்தவர்மீதே விழும்.

மறுப்பதும் நன்மையே

இவ்வளவும் வாங்குபவர்களுக்குச் சொன்னோம். கொடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்.

விடுப்பில் வரும் நம் பிள்ளைகள் பெரிய வண்டி வாங்கி நிறுத்துகிறார்கள். பெருநாள் மாலையில் தம்பிமார்கள் வந்து கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால், ‘வெளிநாட்டுப் பணம் வந்ததும் கருமியாகிவிட்டான்’ என்று தெரு பேசும். சில வேளைகளில் உம்மாவே, “உன் மச்சான் மகன்தானே, கொடேன் வாப்பா” என்று பரிந்து பேசுவார். அந்த ஒரு சொல்லுக்காகச் சாவியைத் தருகிறார்கள். பெருநாள் மாலைகளில் தலைக்கவசமின்றி மூவர் ஒரே வண்டியில் கடற்கரைச் சாலையில் பறப்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். பெருநாள் தொழுகைக்குச் சென்ற பிள்ளைக்கு மறுநாள் ஜனாஸா தொழுகை நடத்தும் துயரம் எந்த இமாமுக்கும் வரக் கூடாது.

மாவூனைத் தடுப்பவர்களைப் பற்றிய எச்சரிக்கை இவ்வாறு மறுப்பவரைச் சேருமா? சேராது என்பது நம் கருத்து. அந்த எச்சரிக்கை, கொடுத்தால் தீங்கில்லாத பொருளைக் கல்நெஞ்சத்தால் தடுப்பவருக்கு உரியது. தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்யவும் கூடாது என்பது நபியவர்கள் வகுத்த பொது விதி. உங்களை நீங்களே அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற கருத்தில் அமைந்த 2-ஆவது அத்தியாயம் 195-ஆவது வசனமும் நமக்குத் தெரியும். பழகாத கைக்குப் பெரிய வண்டியின் சாவியைத் தருவது உபகாரம் ஆகாது. அவனைப் பின்னால் அமர்த்தி அழைத்துச் செல்லலாம். ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி மைதானத்தில் பழக்கலாம். இவையும் உதவியே.

இதனை எழுதும்போது நம் மாணவரையும் எண்ணிப் பார்க்கிறோம். நமக்கு அவர் தந்தது மரியாதையினால். நம் திறமையை அறிந்து தரவில்லை. ‘உஸ்தாதுக்கு எப்படி இல்லையென்று சொல்வது’ என்று அவரும், ‘மாணவனுக்கு எப்படி வேண்டாமென்று சொல்வது’ என்று நாமும் தயங்கினோம். இருவருடைய தயக்கமும் சேர்ந்தே அந்த லாரியின் முன் நம்மைக் கொண்டு நிறுத்தியது. இனி யாரேனும் நமக்கு வண்டி தர முன்வந்தால், முதலில் அவர்முன்பே மைதானத்தில் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டுவதென்று முடிவு செய்திருக்கிறோம். சிறுவர்கள் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும்.

எனவே குடும்பத்தாரிடம் நாம் வேண்டுவது இவையே. பழகாத வண்டியைச் சாலையில் பழகாதீர்கள். இரவல் வாங்கும்போது எந்த ஊர்வரை, எத்தனை நாள், யார் ஓட்டுவது என்பதை வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். வாங்கியதைப் பிறர் கையில் கொடுக்காதீர்கள். கீறல் விழுந்தால் அன்றே சொல்லுங்கள். செலவை நீங்களே முன்வந்து கொடுங்கள். பெட்ரோல் நிரப்பி, சேறு துடைத்து, நல்ல சொல்லோடு திருப்பித் தாருங்கள். கொடுப்பவர்களே, தகுதியில்லாதவருக்கு மறுக்க அஞ்சாதீர்கள். உம்மாமார்களே, உங்கள் மகன் மறுத்தால் அவனைக் கருமி என்று எண்ணாதீர்கள்.

அன்று மாலை வண்டியைத் திருப்பித் தந்து, நம் பழைய வண்டி நின்ற மெக்கானிக் கடைவரை நடந்தே சென்றோம். முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனால் நெஞ்சில் பாரம் இல்லை. அல்லாஹ் இரவலாகத் தந்த இந்த உடலையும் ஆயுளையும் திருப்பித் தரும் நாளிலும் இவ்வாறே மறைப்பதற்கு எதுவும் இல்லாமல் நிற்க வேண்டும் என்று துஆ செய்துகொண்டோம்.

நம் பிள்ளைகளையும் சாலையில் செல்லும் அனைவரையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக! அமானிதத்தைப் பேணும் மக்களாக நம்மை ஆக்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.